அங்காரா நோய்: இதயத்தில் தெரிந்தது, ஈரலில் பிடிபட்டது

1987-இல் பாகிஸ்தானில், கராச்சியை ஒட்டிய அங்காரா கோத் என்ற பகுதியில் கறிக்கோழிகள் கொத்துக்கொத்தாகச் சாகத் தொடங்கின. அந்தச் சாவுக்கு ஓர் ஒழுங்கு இருந்தது. முதல் மூன்று வாரம் குஞ்சுகளில் குறை சொல்ல ஒன்றும் இல்லை. தீவனம் எடுத்தன, எடை ஏறியது. மூன்றாவது வாரவாக்கில் சாவு ஆரம்பித்து, நான்கு, ஐந்தாவது வாரங்களில் உச்சத்துக்குப் போனது. 9 முதல் 15 நாள் வரை இழுத்துவிட்டு அதுவாகவே அடங்கியது. அடங்குவதற்குள் பண்ணையைப் பொறுத்து 20 முதல் 75 சதவீதம் கோழிகள் போயிருந்தன. முட்டைக்கோழிகளிலும் தாய்க்கோழிகளிலும் இதே நோய் வந்தபோது இவ்வளவு சாவு இல்லை.

கறிக்கோழி வளர்ப்பவருக்கு இதைவிட மோசமான நேரம் கிடையாது. முதல் வாரத்தில் செத்தால் குஞ்சு விலையோடு போய்விடும். நான்காவது வாரத்தில் செத்தால் அதுவரை தின்ற தீவனமும் சேர்ந்து போகிறது. அடுத்தடுத்த மாதங்களில் நாட்டின் மற்ற கோழி வளர்ப்புப் பகுதிகளுக்கும் நோய் பரவ, தொடங்கிய ஊரின் பெயரையே வைத்து அங்காரா நோய் என்றார்கள்.

இத்தனை வருடம் கழித்து இதை எடுத்துப் பேசக் காரணம் உண்டு. நோய்க்குக் காரணம் அடினோவைரஸ் என்ற வைரஸ் குடும்பம். அது இன்றைக்கு ஒரு பண்ணைக்குள் வந்தாலும் அன்றைக்கு வந்த குழப்பமேதான் வருகிறது. கண்ணில் முதலில் படுவது இதயம், விடை இருப்பதோ ஈரலில். அப்புறம், ஒரு வைரஸ் இருக்கிறது என்று கண்டுபிடிப்பது ஒரு வேலை. அதனால்தான் கோழி செத்தது என்று நிறுவுவது வேறு வேலை. அங்காராவில் இந்த இரண்டாவது வேலை முடியப் பத்து வருடத்துக்கு மேல் ஆனது.

கொட்டகையிலும் மேசையிலும் தெரிந்தவை

வெளி அறிகுறியை வைத்து இந்த நோயைப் பிடிப்பது கஷ்டம். கோழி ஒரு மூலையில் ஒதுங்கும், இறகைச் சிலிர்த்துக்கொண்டு நிற்கும், நெஞ்சையும் அலகையும் தரையில் ஊன்றி உட்காரும். எச்சம் மஞ்சளாக, சளி போல இருக்கலாம். இவையெல்லாம் பத்து நோய்களுக்குப் பொது. பல கோழிகள் இதைக்கூடக் காட்டாமல் திடீரென்று விழுந்து சாகும். இரையெடுத்து, சதைப்பிடிப்போடு இருந்த கோழிதான் பெரும்பாலும் செத்துக் கிடக்கும். அதனால் பண்ணைக்காரருக்கு முதலில் வருவது வெயில் அடித்துவிட்டதோ, யாராவது விஷம் வைத்துவிட்டார்களோ என்கிற சந்தேகம்தான்.

அறுத்துப் பார்த்தால் கதை மாறும். நெஞ்செலும்பைத் தூக்கியதும் இதயத்தைச் சுற்றியிருக்கும் உறை உப்பிப்போய் முன்னால் தள்ளிக்கொண்டு நிற்கும். ஆரோக்கியமான கோழியில் அந்த உறை இதயத்தோடு ஒட்டினாற்போல இருக்கும், உள்ளே ஈரப்பசைக்கு மேல் ஒன்றும் இருக்காது. இங்கே கத்தரி முனையால் லேசாகக் கீறினாலே வைக்கோல் நிறத்தில் தெளிந்த நீர் வழியும். ஒரு கோழியில் 10 மில்லி வரைகூட இருக்கும். சிலவற்றில் நீராக வராமல் பிசுபிசுவென்று உறைந்த கூழாக வரும். அதற்குள் இதயம் தளர்ந்து, உருக்குலைந்து மிதக்கும். உறிச்ச லிச்சிப் பழம் மாதிரி இருக்கிறது என்று யாரோ சொல்லி, இந்தியாவில் இதற்கு லிச்சி நோய் என்றே பெயர் நின்றுவிட்டது. லிச்சியை அதிகம் பார்க்காத நம் ஊரில்கூடக் கோழி மருத்துவர்கள் அப்படித்தான் சொல்கிறார்கள்.

இதயம் அவ்வளவு வேடிக்கை காட்டியதும் ஈரலைப் பார்ப்பதை விட்டுவிடுகிறோம். அது வீங்கி, நிறம் வெளுத்து மஞ்சளடித்து, விரலால் அழுத்தினால் பொலபொலவென்று உடையும். மேலே ஊசிமுனை அளவில் வெளிறிய புள்ளிகளும் ரத்தக் கசிவுத் திட்டுகளும் இருக்கும். சிறுநீரகம் வீங்கி வெளிறியிருக்கும், நுரையீரலில் நீர் கோத்திருக்கும்.

தீவனத்தின் மேல் விழுந்த பழி

அங்காராவில் முதல் சந்தேகம் தீவனத்தின் மேல்தான் போனது. நச்சு, சத்துக் குறைபாடு, கெட்ட கொழுப்பு என்று பட்டியல் நீண்டது. அப்படிச் சந்தேகப்பட்டவர்களைக் குறை சொல்ல முடியாது. இதய உறையில் நீர் கோத்துக் கூட்டமாகக் கோழிகள் செத்த ஒரு நிகழ்வு அதற்கு முன்பே ஏட்டில் இருந்தது. 1957-இல் அமெரிக்காவில் லட்சக்கணக்கில் கறிக்கோழிகள் இதே மாதிரி நீர் கோத்துச் செத்தன. தீவனத்தில் சேர்த்த கொழுப்பில்தான் வினை இருந்தது. அதிலிருந்த நச்சு டையாக்சின் வகை என்பது 1960-களில் தெரியவந்தது. இதய உறையில் நீரைப் பார்த்ததும் தீவனத்தைச் சந்தேகிப்பது அந்தக் காலத்தில் படித்தவர் செய்யும் வேலைதான்.

நம் பக்கம் இதே இடத்தில் அஃப்ளாடாக்சின் வந்து நிற்கும். மக்காச்சோளத்திலும் கடலைப் பிண்ணாக்கிலும் பூஞ்சை பிடித்தால் உண்டாகும் நச்சு. அதுவும் ஈரலைத்தான் தாக்கும், ஈரல் மஞ்சளாக வெளுக்கும். கண்ணால் பார்த்து இரண்டையும் பிரிப்பது அனுபவசாலிக்கே சிரமம். ஆனால் சாவின் போக்கில் வித்தியாசம் உண்டு. பூஞ்சை நச்சில் சாவுக்கு முன்னாலேயே எடை குறையும், தின்ற தீவனம் எடையாக மாறும் விகிதம் கெடும், கோழிகள் ஏறுக்குமாறாக வளரும். சாவு மெதுவாக ஏறும். தீவனத்தை மாற்றினால் இறங்கத் தொடங்கும். அதே மில் தீவனம் போன மற்ற பண்ணைகளிலும், எந்த வயதுக் கோழியானாலும், ஏதாவது ஒரு கோளாறு தெரியும். வைரஸ் நோயில் நேற்றுவரை எடை கணக்காக ஏறிக்கொண்டிருந்த பேட்ச்சில் இன்று திடீரென்று சாவு எகிறும். தீவனத்தை மாற்றினாலும் மாற்றாவிட்டாலும் அது தன் நாள் முடிந்துதான் இறங்கும்.

இந்தக் கடைசி விஷயம் ஆபத்தானது. அதுவாகவே அடங்கும் நோய்க்கு, அடங்கும் நேரத்தில் எதைக் கொடுத்தாலும் அதுதான் குணப்படுத்தியது என்று தோன்றும். ஈரல் டானிக் விற்பவர்களுக்கு இதைவிட நல்ல நோய் கிடைக்காது. சாவுப் பதிவேட்டில் அன்றாடக் கணக்கை ஒழுங்காக எழுதி, ஒரு கோடாக வரைந்து பார்த்தால் எது மருந்தின் வேலை, எது நோயின் போக்கு என்று ஓரளவு தெரியும்.

ஈரலுக்குள்

மைக்ராஸ்கோப்பில்தான் வழி திறந்தது. செத்த கோழிகளின் ஈரல் செல்களில், உட்கருவுக்குள் நீல நிறச் சாயம் ஏற்ற பெரிய திரள்கள் தெரிந்தன. உட்கரு முழுவதையும் அடைத்துக்கொண்டு, அதிலிருந்த மற்றதையெல்லாம் விளிம்புக்குத் தள்ளியிருந்தன. இவற்றை இன்க்ளூஷன் பாடி என்கிறோம். பூஞ்சை நச்சோ டையாக்சினோ ஈரல் செல்லைக் கொல்லும், கொழுப்பேற்றும். உட்கருவுக்குள் இப்படி ஒன்றை உண்டாக்காது. உட்கருவுக்குள் போய்த் தன்னைப் பெருக்கிக்கொள்ளும் டி.என்.ஏ. வைரஸ்களின் அடையாளம் அது.

இது அதற்கு முன் பார்க்காத காட்சியும் அல்ல. கோழி ஈரலில் இப்படிப்பட்ட உட்கருத் திரள்களை அமெரிக்காவில் 1963-லேயே விவரித்திருந்தார்கள். அந்த நோய்க்கு இன்க்ளூஷன் பாடி ஹெப்படைட்டிஸ் என்று பெயர் வந்தது, சுருக்கமாக ஐ.பி.எச். அதில் சாவு பெரும்பாலும் 10 சதவீதத்துக்குள் இருக்கும், சில சமயம் 30 வரை போகும். மூன்று நான்கு நாளில் உச்சத்தைத் தொட்டு இறங்கிவிடும். அங்காராவில் பார்த்தது அதைவிடக் கொடூரமான வடிவம். ஈரலில் அதே அடையாளம், கூடவே இதயத்தில் நீர், பல மடங்கு சாவு.

அடுத்த படி சோதனை. நோயுற்ற கோழியின் ஈரலை அரைத்து, பாக்டீரியா நுழைய முடியாத வடிகட்டியில் வடித்து, அந்த நீரை ஆரோக்கியமான கறிக்கோழிகளுக்கு ஊசியாகப் போட்டார்கள். அவற்றுக்கும் அதே நோய் வந்தது, இதய உறையில் அதே நீர் கோத்தது. தீவனத்தின் மேல் இருந்த சந்தேகம் இங்கே விழுந்தது. 1989-இல் பாகிஸ்தான் ஆய்வாளர்கள் இதை அடினோவைரஸ் நோய் என்று எழுதி வெளியிட்டார்கள்.

அதே காலத்தில் இன்னொரு முயற்சியும் நடந்தது, எனக்கு அது சோதனையைவிடச் சுவாரசியமாகப் படுகிறது. நோயுற்ற ஈரலை அரைத்து, ஃபார்மலினால் வைரஸைக் கொன்று, அதையே தடுப்பூசியாகப் போட்டார்கள். சாவு கணிசமாகக் குறைந்தது. வைரஸைத் தனியாகப் பிரித்து வளர்த்துத் தீர்க்கமாக அடையாளம் காண்பதற்கு முன்பே, வைரஸ் எந்த உறுப்பில் குவிந்திருக்கிறது என்பதைத் தடுப்பூசி காட்டிவிட்டது. ஆனாலும் இது கத்தி மேல் நடப்பதுதான். ஃபார்மலின் அளவோ நேரமோ குறைந்தால் நோயையே ஊசியில் ஏற்றிக் கொடுத்ததாகிவிடும். அந்த ஈரலில் வேறு வைரஸ் இருந்தாலும் கூடவே போகும். கலப்பில்லாமல் ஆய்வுக்கூடத்தில் வளர்த்த வைரஸிலிருந்து செய்யும் தடுப்பூசிக்கு மாறியது அதனால்தான்.

பிரித்தெடுத்த வைரஸ் கோழி அடினோவைரஸின் நான்காவது செரோடைப் என்று ஆனது. எந்த எதிர்ப்பொருளுக்குக் கட்டுப்படுகிறது என்பதை வைத்துப் பிரிக்கும் உட்பிரிவுதான் செரோடைப். ஆனாலும் வழக்கு முடியவில்லை. அதே செரோடைப் நோயில்லாத கோழிகளிலும் கிடைத்துக்கொண்டிருந்தது. அடினோவைரஸ் மட்டும் இவ்வளவு பெரிய சாவை உண்டாக்குமா, கூடவே இன்னொரு கிருமி ஒளிந்திருக்கிறதா என்று பல வருடம் வாதம் ஓடியது. கோழி ரத்தசோகை வைரஸும், எதிர்ப்புச் சக்தியைக் கெடுக்கும் கம்போரோ வைரஸும் உடன் இருந்தால் நோய் முற்றுகிறது என்பது உண்மையாக இருந்ததால் அந்தச் சந்தேகத்துக்கு வலு இருந்தது. 1998-இல் வெளியான ஓர் ஆய்வு இதைத் தீர்த்தது. எந்த நோய்க்கிருமியும் இல்லாமல் வளர்த்த கோழிகளில் நான்காவது செரோடைப்பின் சில வகைகள் வேறு கிருமியின் துணை இல்லாமல் தாமாகவே ஈரல் நோயையும் இதய நீரையும் உண்டாக்கின. சில வகைகள், எல்லாம் அல்ல. ஒரே செரோடைப்புக்குள்ளேயே கொல்வதும் உண்டு, சும்மா இருப்பதும் உண்டு.

இங்கே வந்தபோது

1994-இல் ஜம்மு காஷ்மீர், பஞ்சாப், டெல்லிப் பகுதிகளில் நோய் தெரிந்தது. பிறகு மற்ற மாநிலங்களுக்கும் இறங்கியது. 2015-இல் சீனாவில் இதே நான்காவது செரோடைப் பெரிய அழிவைச் செய்தது. அந்த வகையின் மரபுச் சரத்தில் 1966 எழுத்துகள் கொண்ட ஒரு துண்டு காணாமல் போயிருந்தது. அதுதான் கொடூரத்துக்குக் காரணம் என்று முதலில் பேசினார்கள், பிறகு செய்த சோதனைகளில் அந்தத் துண்டுக்கும் வீரியத்துக்கும் சம்பந்தமில்லை என்று தெரிந்தது. இந்த வைரஸ் விஷயத்தில் முதல் சந்தேகம் தோற்பது வாடிக்கையாகிவிட்டது.

பல்லடம், உடுமலை, சுல்தான்பேட்டை என்று கறிக்கோழிக் கொட்டகைகள் நெருங்கி நிற்கும் பகுதியில் இது வந்தால் எப்படிப் பிடிப்பது?

முதலில், திடீரென்று சாவு எகிறினால் உடனே கத்தியை எடுக்கக்கூடாது. பறவைக் காய்ச்சல் இல்லை என்று ஓரளவாவது தெளிந்த பிறகே அறுக்க வேண்டும். கொண்டை, தாடை வீங்கி நீலம் பாய்ந்திருந்தாலோ, இறகில்லாத காலில் ரத்தத் திட்டுகள் இருந்தாலோ, கொட்டகையிலேயே அறுப்பது ஊருக்கே ஆபத்து. கால்நடைத் துறைக்குச் சொல்லிவிட வேண்டும், அவர்கள் வழியாக மாதிரி போபாலில் இருக்கும் உயர்பாதுகாப்பு ஆய்வுக்கூடத்துக்குப் போகும். அடினோவைரஸ் அப்படியல்ல, மனிதருக்குத் தொற்றுவதில்லை.

அறுத்துப் பார்க்கும்போது நீர் எங்கே இருக்கிறது என்று கவனியுங்கள். குளிர்காலத்தில் வேகமாக வளரும் கோழிகளில் வயிற்றில் நீர் கோத்துச் சாவது சகஜம். அதில் நீர் வயிற்றறையில் நிறையும், இதயத்தின் வலப்பக்கம் பருத்து விரிந்திருக்கும். ஈ.கோலை தாக்கிய கோழியிலும் இதய உறை கெட்டிருக்கும், ஆனால் உறை தடித்து, மங்கலாகி, உள்ளே சீஸ் மாதிரி வெள்ளைப் படிவு ஒட்டியிருக்கும். அங்காராவின் நீர் தெளிவானது, உறை மெல்லியதாகவே இருக்கும். ஐ.பி.எச். மட்டும் வந்தால் இதய நீர் இல்லாமலேகூட இருக்கலாம். இதயத்தை மட்டும் நம்பினால் அதைத் தவறவிடுவோம்.

மாதிரி எடுப்பதில்தான் பாதி வழக்கு தோற்கிறது. செத்து ஆறேழு மணி நேரம் ஆன கோழியைச் சூப்பர்வைசர் சாக்கில் போட்டு பைக்கில் கட்டி அனுப்பிவைப்பார். சித்திரை வெயிலில் ஈரல் அதற்குள் பித்தநீர் ஊறிப் பச்சையாகி, செல்லெல்லாம் கரைந்திருக்கும். உட்கருவே இல்லாத செல்லில் உட்கருத் திரளை எங்கே தேடுவது? சாகும் நிலையில் இருப்பதையோ அப்போதுதான் செத்ததையோ நாலைந்தாகத் தேர்ந்தெடுக்க வேண்டும். ஒவ்வொன்றின் ஈரலையும் இரண்டாகப் பிரிக்க வேண்டும். ஒரு பாதியை அரை சென்டிமீட்டருக்கு மேல் தடிக்காமல் சீவி, பத்து மடங்கு ஃபார்மலினில் போட வேண்டும். முழு ஈரலை அப்படியே அமுக்கிப் போட்டால் ஃபார்மலின் உள்ளே ஏறாது, நடுவில் அழுகிவிடும். மறு பாதி சுத்தமான டப்பாவில், ஐஸில். ஃபார்மலினில் போட்டதை வைத்து வைரஸை வளர்க்க முடியாது; ஐஸ்கட்டியாக உறைந்துபோனதை வைத்துத் திசுவைச் சரியாகப் பார்க்க முடியாது. பர்சா என்ற எதிர்ப்புச் சக்தி உறுப்பையும் மண்ணீரலையும் சேர்த்து அனுப்பினால் கம்போரோ பின்னால் நிற்கிறதா என்பதும் தெரியும்.

ஆய்வுக்கூடத்தில் திசுப் பரிசோதனையும், வைரஸின் மரபுத் துண்டைத் தேடும் பி.சி.ஆரும் ஒன்றுக்கொன்று சாட்சி. பி.சி.ஆரில் வழக்கமாக வைரஸின் மேலுறைப் புரதமான ஹெக்ஸானின் ஜீனைத் தேடுவார்கள். அந்தத் துண்டை வரிசைப்படுத்தினால் எந்த வகை என்பதும் கிடைத்துவிடும். வைரஸை வளர்க்க விரும்பினால் கோழிக் கருவின் ஈரல் செல்களிலோ, நோய்க்கிருமியற்ற கூட்டத்தின் முட்டைகளிலோதான் செய்ய வேண்டும். சாதாரணப் பண்ணை முட்டையில் தாயிடமிருந்து வந்த எதிர்ப்பொருள் இருக்கும், வைரஸ் வளராது. எதுவும் இல்லை என்று தப்பான முடிவு வரும்.

பி.சி.ஆர். பாசிட்டிவ் என்று ஒரு தாள் வந்ததும் கேஸை முடித்துவிடும் பழக்கம் பரவிவிட்டது. எதிலிருந்து எடுத்த மாதிரி என்று நான் முதலில் பார்ப்பேன். எச்சத்திலோ மலவாயிலிருந்து எடுத்த பஞ்சிலோ பாசிட்டிவ் வந்தால் அதற்குப் பெரிய அர்த்தமில்லை. அடினோவைரஸ் நல்ல ஆரோக்கியமான கோழிகளின் குடலிலும் சாதாரணமாகக் குடியிருக்கும். ஈரலில் அதிக அளவில் வைரஸ், அதே ஈரலில் உட்கருத் திரள், பதிவேட்டில் சட்டென்று எகிறி இறங்கும் சாவு, மூன்றும் பொருந்தினால்தான் அது வைரஸ் ஈரல் நோய். ஈரலில் பாசிட்டிவ் வந்து, திசுவில் திரள் எதுவும் இல்லாமல் கொழுப்பேற்றம் மட்டும் தெரிந்தால், தீவன மாதிரியையும் சோதனைக்கு அனுப்பாமல் வாயைத் திறக்கக்கூடாது. இரண்டும் ஒரே கொட்டகையில் இருப்பதும் உண்டு. பூஞ்சை நச்சு எதிர்ப்புச் சக்தியைக் கெடுத்து வைரஸுக்கு வழிவிடும்.

ரத்தப் பரிசோதனை கறிக்கோழியில் இதற்கு அவ்வளவாக உதவாது. எலைசா என்ற ரத்தப் பரிசோதனையில் எதிர்ப்பொருள் தெரிவது, எப்போதோ ஏதோ ஒரு அடினோவைரஸ் வந்துபோனதைத்தான் சொல்லும். அது வயிற்று வைரஸா, ஈரல் வைரஸா, தாய் கொடுத்ததா என்று பிரித்துச் சொல்லாது.

தாய்க்கோழியின் பங்கைத் தேட வேறு வழி இருக்கிறது. இந்த வைரஸ் முட்டை வழியாகவும் இறங்கும். முட்டையிடும் காலத்தில் முதன்முறையாகத் தொற்றிய தாய்க்கோழி, எதிர்ப்பொருள் உருவாகும்வரை தான் எந்த அறிகுறியும் காட்டாமல் சில வாரங்களுக்கு முட்டையில் வைரஸை அனுப்பும். அந்தக் குஞ்சுகளில் மூன்று வாரத்துக்கு முன்பே சாவு தொடங்கலாம். ஆகவே சாவு தொடங்கிய வயது ஒரு துப்பு. இன்னொரு துப்பு குஞ்சு இறக்கிய சலானில் இருக்கும் தாய்க்கூட்டத்தின் எண். வெவ்வேறு ஊர்ப் பண்ணைகளில், வெவ்வேறு தீவனத்தில், ஒரே தாய்க்கூட்டத்துக் குஞ்சுகள் மட்டும் சாகின்றன என்றால் தேட வேண்டிய இடம் அந்தத் தாய்ப்பண்ணை. குஞ்சு எங்கிருந்து வந்தாலும் ஒரே தடத்தில் இருக்கும் பண்ணைகள் வரிசையாக விழுகின்றன என்றால் லாரி, குஞ்சுப்பெட்டி, தடுப்பூசி போடும் ஆட்கள் வழியாக எச்சம் பயணம் செய்கிறது.

இதனால்தான் வகையைக் கண்டுபிடிப்பது முக்கியம். ஐ.பி.எச். பெரும்பாலும் 2, 8ஏ, 8பி, 11 போன்ற செரோடைப்களால் வருகிறது, அங்காரா நோய் நான்காவதால். நான்காவதுக்குப் போட்ட தடுப்பூசி மற்றவற்றுக்கு முழுப் பாதுகாப்புத் தரும் என்று நம்ப முடியாது. தாய்க்கோழிக்கு எந்தத் தடுப்பூசி என்று தீர்மானிக்கும் முன், சாகும் குஞ்சின் ஈரலில் இருப்பது எது என்று தெரிந்தாக வேண்டும்.

பேட்ச் காலியானதும் கொட்டகையைக் கழுவுவதில் ஒரு எச்சரிக்கை. இந்த வைரஸுக்கு மேலே கொழுப்பு உறை கிடையாது. வெள்ளைக்கழிச்சலை உண்டாக்கும் ராணிக்கெட் வைரஸை எளிதாகக் கொல்லும் பல மருந்துகள் இதனிடம் தடுமாறும். ஃபார்மால்டிஹைடு, குளுட்டரால்டிஹைடு, அயோடின் கலவை இவற்றுக்கு இது அடங்கும், அதுவும் பழைய கூளத்தை முழுக்க வாரி எடுத்து, எச்சம் ஒட்டாமல் தரையைக் கழுவிக் காயவிட்ட பிறகு அடித்தால்.